படபடக்குதா? படபடக்கட்டும்: கிளேர் வீக்ஸின் கதை

உங்க மெயில்கள்ல அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "இந்தப் பதற்றம் எப்பதான் முழுசா போகும்?" இன்னைக்கு, அந்தக் கேள்வியையே மாத்திக் கேட்ட ஒருத்தரைப் பத்திப் பேசப் போறேன். பேரு கிளேர் வீக்ஸ். பிறந்தது 1903, ஆஸ்திரேலியா.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போகணும். 1871ல ஜேக்கப் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அது உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களைப் பற்றியது. நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், தறிகெட்டு அடிக்கும் இதயம். ஆனா சோதிச்சுப் பார்த்தா, பலருக்கு இதயத்துல நோய் எதுவும் தெரியல. முதல் உலகப் போரிலும் இதே கதைதான். படபடப்பு நிஜம், ஆனா காரணம் இதய நோய் இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

கிளேர் முதல்ல டாக்டர் இல்லை, விலங்கியல் ஆய்வாளர். குட்டி போடற அரணைகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ணாங்க. 1930ல சிட்னி பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆஃப் சயின்ஸ் பட்டம் வாங்கிய முதல் பெண் அவங்கதான். ஆனா அதுக்கு முன்னாடியே, இருபதுகளின் நடுவுல, உடம்பு படுத்துச்சு. காசநோய்னு தப்பா கணிச்சு சானடோரியத்துக்கு அனுப்பிட்டாங்க. பல மாதம் கழிச்சு வெளியே வந்தப்போ காசநோய் பயம் போயிருந்தது, ஆனா படபடப்பு போகல. இதயம் எப்ப வேகமா அடிக்குமோன்னு காத்துக்கிட்டே ஒரு வாழ்க்கை.

திருப்பம் ஒரு நண்பர்கிட்ட இருந்து வந்தது. முதல் உலகப் போரில் சண்டை போட்டவர். கிளேர் சொன்னதைக் கேட்டு அவர் அதிர்ச்சியாகவே இல்லை. போர்முனையில சிப்பாய்களுக்கும் இப்படித்தான் அடிச்சுக்கும், நீ அந்தப் படபடப்பைப் பார்த்துப் பயப்படறதாலதான் அது அடங்க மாட்டேங்குது என்கிற அர்த்தத்துல சொன்னார். அந்த ஒரு விளக்கம் கிளேருக்குப் போதுமானதா இருந்தது.

பிறகு அவங்க மருத்துவம் படிச்சு, நாற்பது வயதைத் தாண்டி டாக்டர் ஆனாங்க. 1962ல 'செல்ஃப் ஹெல்ப் ஃபார் யுவர் நெர்வ்ஸ்' என்ற புத்தகம் வந்தது. அதே காலத்துலதான் லிப்ரியம் (1960), வேலியம் (1963) மாதிரி மாத்திரைகளும் கடைக்கு வந்தது. இன்னொரு பக்கம், சின்ன வயசு நினைவுகளை வருஷக்கணக்கா தோண்டற உளப்பகுப்பாய்வு. கிளேர் கேட்டது வேற கேள்வி: பதற்றம் எதனால ஆரம்பிச்சதோ இருக்கட்டும், இன்னைக்கு வரைக்கும் அதை ஓட வைக்கறது எது?

அவங்க பதில்: பயம் ரெண்டு வகை. முதல் பயம் உடம்போடது. இதயம் அடிக்குது, கை வேர்க்குது. அதை நம்மால தடுக்க முடியாது. ரெண்டாவது பயம் நாம சேர்க்கறது. "ஐயோ, திரும்ப வந்துருச்சே, மீட்டிங்ல மயங்கி விழுந்துட்டா?" இந்த ரெண்டாவது பயம் மறுபடி முதல் பயத்தைத் தூண்டும்.

நம்ம ஆபீஸ் பாஷையில சொல்றேன். சர்வர் நல்லா இருக்கான்னு பார்க்க ஒரு ஹெல்த் செக் போடறோம். பயத்துல அதை நொடிக்கு நூறு தடவை ஓட்டினா, அந்த லோடுலயே சர்வர் திணறும். திணறுதேன்னு இன்னும் அதிகமா செக் பண்ணுவோம். மெட்ரோவுல நின்னுக்கிட்டு ஸ்மார்ட் வாட்ச்ல ஹார்ட் ரேட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கறோமே, அது இதேதான்.

அவங்க கொடுத்த வழி நாலு படி. எதிர்கொள், ஓடாதே. ஏற்றுக்கொள், சண்டை போடாதே. மிதந்து போ, அதாவது உடம்பை இறுக்காம, பல்லைக் கடிக்காம செய்யற வேலையைத் தொடரு. காலம் போகட்டும், நாளைக்கே சரியாகணும்னு கெடு வைக்காதே. கேட்க எளிசா இருக்கும். ஆனா ஏத்துக்கிட்டா போயிடும்னு கணக்குப் போட்டு ஏத்துக்கறது ஏத்துக்கறதே இல்லை. கஷ்டம் அங்கதான்.

மனநல நிபுணர்கள் பலர் அவங்களைப் பெருசா மதிக்கல. அவங்க மனநல மருத்துவர் இல்லை, பொது மருத்துவர். ஆனா வாசகர்கள் விடல. வீட்டை விட்டு வெளியே வரவே பயந்தவங்களுக்காக இசைத்தட்டுலயும் கேசட்டுலயும் தன் குரலைப் பதிவு பண்ணி அனுப்பினாங்க. ஒரு வகையில, அந்தக் காலத்து பாட்காஸ்ட்! அப்படித் தொலைவிலிருந்தே வழிகாட்டின ஐந்நூறுக்கும் மேற்பட்டவங்களைப் பற்றி 1973ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. உணர்வை விரட்டாம இடம் கொடுத்து வாழப் பழக்கற சிகிச்சை முறைகள் பின்னாடி பெரிசா வளர்ந்தது. அந்த வழியில அவங்க முன்னோடி.

இப்ப முதல் கேள்விக்கு வருவோம். எப்ப முழுசா போகும்? 1990ல இறந்த கிளேர், வயசான காலத்துலயும் தனக்கு ராத்திரியில அது எப்பவாவது வரும்னு வெளிப்படையா சொன்னாங்க. யாரும் பரிதாபப்பட வேண்டாம்னும் சொன்னாங்க. அவங்க கணக்குல குணம் ஆகறதுன்னா, பதற்றம் வராம இருக்கறது இல்லை. வந்தாலும் அன்னைக்கு நாள் நிக்காம நடக்கறது.

ஒரு விஷயம் மறக்காதீங்க. நெஞ்சுப் படபடப்புன்னா முதல்ல டாக்டரைப் பாருங்க, 'பதற்றம்தான்'னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. சாப்பிடற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. தாங்க முடியலைன்னா டெலி மானஸ், 14416, அரசோட இலவச எண், தமிழ்லயும் பேசலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.