வானில் நடந்த போர் – 14: இனாமலுவைச் சந்தியில் திரும்பிய கதை

போன கிழமை ஜெர்மனியரின் மெஸ்ஸர்ஸ்மிட் 262 ஜெட்டை ஓடுபாதையில் நிறுத்திவிட்டு வந்தேன். இந்தக் கிழமை அதில் பறந்த ஜெர்மன் விமானி நொவொட்னி விழுந்த கதை என்று வாக்கும் கொடுத்திருந்தேன். அதற்கு முன் பிரித்தானிய விமானி டீனைப் பற்றி நாலு வரி.

1944 ஓகஸ்ட் 4. பிரித்தானியரின் முதல் ஜெட் போர் விமானமான மீட்டியரில் பறந்த டீன், லண்டன் பக்கம் வந்த ஜெர்மனியரின் வி-1 பறக்கும் குண்டைத் துரத்திப் பிடித்தார். விசையை அழுத்தினால் பீரங்கிகள் இறுகிக்கொண்டன. வேறொருவர் திரும்பியிருப்பார். இவர் தன் இறக்கை நுனியைக் குண்டின் இறக்கைக்கு அடியில் கொண்டுபோய் நெம்பிவிட்டார்! குண்டு கவிழ்ந்து கீழே போனது. மீட்டியரின் முதல் வெற்றி, சுட்டு வந்ததல்ல.

அந்த ஆண்டு நம் மாத்தளை மாவட்டத்திலும் ஒரு போர் விமானத் தளம் இயங்கியது. தம்புள்ளையிலிருந்து ஹபரணைக்குப் போகும் வழியில் இனாமலுவைச் சந்தியில் திரும்பினால் சீகிரியா. காசியப்பனின் குன்றைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் இடம்தான். 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் அடித்தபின், கரையோரத் தளங்களை மட்டும் நம்பியிருக்க முடியுமா? 1943இல் பிரித்தானிய விமானப்படையின் 160ஆவது அணியின் லிபரேட்டர் விமானங்கள் சீகிரியாவுக்கு வந்தன. நாலு சுழலி இயந்திரங்கள், கொழுத்த உடம்பு. அழகென்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கிருந்து கிளம்பி, வங்கக் கடல் தாண்டி, ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த சுமாத்திராவைப் படம் பிடித்துத் திரும்பின. அதன் வடக்கு முனையை ஒட்டியுள்ள சபாங்குக்கே ஒரு வழி ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். போய்வரப் பத்து மணித்தியாலமாவது வேண்டும், கீழே முழுக்கத் தண்ணீர்.

மெஸ்ஸர்ஸ்மிட் 262 இதைச் செய்திருக்குமா? மணிக்கு 870 கிலோமீற்றர் வேகம் உண்மைதான். ஆனால் அதன் எரிபொருள் ஏறத்தாழ 1,000 கிலோமீற்றருக்குத்தான் காணும். சபாங்கின் கரையைப் பார்க்குமுன்பே கடலில் விழுந்திருக்கும். அதன் இயந்திரமோ இருபத்தைந்து மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம். நிக்கலும் குரோமியமும் கிடைக்காமல் செய்த இயந்திரம் அது. குண்டுவீச்சு விமானமாக்கச் சொல்லி ஹிட்லர்தான் அதைக் கெடுத்தார் என்று ஜெர்மன் தளபதிகள் பிற்காலத்தில் சொன்னது எனக்கு ஒரு சாட்டாகவே படுகிறது. ஹிட்லர் மேல் பழிபோட யாருக்குத்தான் தயக்கம்?

1944இல் 160ஆவது அணி சீகிரியாவிலிருந்து காங்கேசன்துறைக்கு மாறிப்போனது. அந்த உலகப் போர்க் காலம் முழுவதும் இலங்கை வானில் ஒரு ஜெட்டும் சண்டை போடவில்லை. நம் விமானப்படைக்கு முதல் ஜெட்டுகள் கிடைத்ததே 1959இல்தான்.

இடம் முடிந்துவிட்டது. நொவொட்னி 1944 நவம்பர் 8 வரை உயிரோடிருப்பார், அடுத்த கிழமை பார்ப்போம். அதற்குள், தம்புள்ளை, சீகிரியாப் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த ஓடுபாதை வேலைக்குப் போயிருந்தால் ஒரு கடிதம் போடுங்கள்.