மேலும் கீழும்

ஆங்கிலத்தின் 'அப்', 'டௌன்' என்னும் சொற்களை மேல், கீழ் என்று பெயர்த்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்க இயலுவதில்லை. இங்கிலாந்தில் லண்டனை நோக்கி ஓடும் இரயில் 'அப்' ஆகும். நிலம் ஏறினாலென்ன, இறங்கினாலென்ன! நேரம் தீர்ந்துபோவதையும் 'அப்' என்பர். நம் 'மேல்' என்பதோ, 'இனிமேல்' என்று வருங்காலத்தைத் திறந்துவிடுகிறது.

தமிழில் இச்சொற்கள் திசைகளையும் ஈன்றன. நிலம் மேற்குமலையிலிருந்து கீழைக்கடலுக்குச் சரிவதால், மேடான திசை மேற்கு, தாழ்ந்த திசை கிழக்கு என்றாயின எனக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் விளக்கினார். கன்னடத்தின் மூடண, படுவண என்பவை ஞாயிறு எழுவதையும் விழுவதையும் குறிப்பன.

கால்டுவெல்லைப் படியாமலே வட ஆர்க்காட்டுத் தொழிலாளர் இதனைத் தம் கால்களால் அறிந்தனர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் கால்வைத்தபின், பாலாறு வரும் மேற்றிசையில் ஏறிச் சென்றனர். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்கு இரயிலும் வந்தது. ஏறத்தாழ 850 மீட்டர் உயரம் ஏறியவர்களுக்கு அங்கே காத்திருந்தது கீழ்! சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் அதிகமாக ஆழ்ந்தது. கடல்மட்டம் எங்கோ தலைக்குமேல் இருந்தது. இறங்கியவர் யாவரும் ஏறி வந்தாரில்லை. பாறைவெடிப்பு பலரை உண்டது. இவ்விடத்தில் மேல், கீழ் என்பவற்றுக்கு அகராதி எதற்கு?

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று விடியுமுன் மாரிகுப்பத்தில் இரயிலேறிப் பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்புவோர் பலர். பெங்களூர் மேற்கே இருக்கிறது. உயரமும் சற்று மிகுதி.