பெயர் தப்பிய மீன்: காவிரியின் பொம்மீனை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழ் எம்.ஏ. வகுப்பில் மீன் என்றால் கண். கயல் என்றால் கண், கெண்டை என்றால் கண், சேல் என்றாலும் கண்தான். மிஞ்சிப்போனால் பாண்டியன் கொடி. தொல்காப்பியர் கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று போகிறார். மீனுக்குத் தனியாக ஓர் இடம் இல்லை. 'பிறவும்' என்பதற்குள் அது எப்படியோ நுழைந்துகொள்ள வேண்டியதுதான். தண்ணீருக்குள் இருப்பது கண்ணில் படுவதில்லை, கண்ணில் படாததைப் பட்டியலில் ஏற்றுவது கடினம். இது நம் இலக்கணத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஐரோப்பிய அறிவியலுக்கும் இதே காவிரியில் நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

1

காவிரியில் ஒரு பெரிய கெண்டை உண்டு. தமிழில் பொம்மீன், பூமீன் என்பார்கள். கன்னடத்தில் பிளி மீனு, அதாவது வெள்ளை மீன். ஆங்கிலேயர்கள் மஹசீர் என்றார்கள். முதுகில் திமில் போன்ற மேடு உள்ளதால் இதைத் திமில் மஹசீர் என்று பிரித்தும் சொன்னார்கள். 1873இல் சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச்.எஸ். தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு மஹசீர் துரைமார்களின் கனவு மீனாகிவிட்டது. 1946இல் கபினியில் ஜே. டி வெட் வான் இங்கன் பிடித்த மீன் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. மைசூரில் புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து தந்த குடும்பம் அவருடையது. புகைப்படங்கள் இருக்கின்றன, எடைக் குறிப்புகள் இருக்கின்றன, சாகசக் கதைகளுக்கும் குறைவில்லை. இல்லாதது ஒன்றுதான்: அறிவியல் பெயர்.

பெயர் இல்லை என்று சொல்வதைவிட இன்னொருவன் பெயரில் வாழ்ந்தது என்று சொல்வது சரி. பம்பாய்ப் படையின் சைக்ஸ் 1839இல் தக்காணத்து மீன்களை விவரித்து, உள்ளூர் மராத்திப் பெயர்களையே எடுத்து 'முசுல்லா', 'குத்ரீ' என்று வைத்தார். காவிரியின் திமில் மீனைப் பலர் அந்த முசுல்லாவோடு ஒட்டவைத்தார்கள். ஆனால் முசுல்லா மஹசீர் இனமே அல்ல, வேறொரு பேரினத்தைச் சேர்ந்த கெண்டை என்பது பிற்பாடுதான் தெளிவானது. காட்சிக்குரிய கோப்பையாக இருந்ததுதான் இதன் சாபம். கோப்பையைச் சுவரில் மாட்டுவார்கள், அருங்காட்சியகத்துச் சாராயப் புட்டியில் போடமாட்டார்கள். ஐம்பது கிலோ மீனுக்கு ஏற்ற புட்டிக்கு எங்கே போவது?

2

அதே காலத்தில் அரசு இன்னொரு வேலையும் செய்தது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து மீன்வளத் தலைமை ஆய்வாளரான பிரான்சிஸ் டே, 1873 அறிக்கையில் நன்னீர் மீன் குறைவதற்கான காரணங்களை எழுதினார்: கண் சிறுத்த வலைகள், குஞ்சு மீன் பிடிப்பு, மீன் ஏற வழிவிடாத அணைக்கட்டுகள். இவற்றில் சட்டமாக எது மாறியது என்று பாருங்கள். 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடை செய்தது. தடை தேவையானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆற்றில் வெடி போடுகிறவனை மண்ணின் மைந்தன் என்று கொண்டாட எனக்கு மனசில்லை. ஆனால் டே சொன்ன மூன்றாவது காரணம், அரசே கட்டிய கல் சுவர், குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. மீனவன் கை குற்றமானது, பொறியாளர் கை வளர்ச்சியானது. 1934இல் மேட்டூர் வந்தது. வெள்ளம் வரும்போது மேலேறிப் போய், சலசலத்து ஓடும் கூழாங்கல் படுகையில் முட்டையிடுகிற மீனுக்கு அணை என்பது வெறும் தடை மட்டுமல்ல. ஓடும் நீரையே அது தேங்கும் நீராக்கிவிடுகிறது.

3

கதையின் கொடூரமான பகுதி காலனியத்துக்குப் பிந்தியது. இங்கே வில்லன்கள் யாரும் கிடையாது, நல்லெண்ணம்தான் உண்டு. 1970களின் தொடக்கத்தில் லோனாவ்லாவில் டாடா மின்நிறுவன ஏரிகளின் பக்கத்தில் நீலத்துடுப்பு மஹசீரைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அது சைக்ஸின் குத்ரீ. அருகிவரும் மஹசீரைக் காப்பாற்றுகிறோம் என்று அந்தக் குஞ்சுகளைப் பல ஆறுகளுக்கு அனுப்பினார்கள், காவிரிக்கும் வந்தன. மஹசீர் குறைகிறது, மஹசீரை விடுகிறோம்: வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. 'மஹசீர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு மீன்கள் ஒளிந்திருந்ததுதான் கோளாறு.

இது எப்படித் தெரியவந்தது என்பது இன்னொரு முரண். கர்நாடகக் காவிரியின் தூண்டில் முகாம்களில், பிடித்த மீனை எடைபோட்டு எழுதிவிட்டுத் திரும்ப ஆற்றில் விடுவார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மஹசீர் பெருகியிருந்தது, வெற்றிக் கதை. பிரித்துப் பார்த்தால் பெருகியது வந்தேறி நீலத்துடுப்பு. திமில் மீனில் இளசுகள் வருவது அற்றுப்போயிருந்தது, மிஞ்சியது கிழடுகள் மட்டும். துரைமார் விளையாட்டு என்று நாம் எளிதாக ஒதுக்குகிற ஒன்றுதான் அந்த ஆற்றின் ஒரே நாட்குறிப்பாக இருந்திருக்கிறது. அதிகாரத்தின் ஆவணத்தைப் படிக்காமல் அதிகாரத்தை விமர்சிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

4

2007இல் கேரளத்தின் பாம்பாற்றில், அமராவதி வழியாகக் காவிரிக்கு வரும் ஆறு அது, சிறிய மீன்களை வைத்துக் குருப்பும் ராதாகிருஷ்ணனும் ஒரு புதிய இனத்தை விவரித்தார்கள்: டோர் ரமாதேவிஐ. அதுதான் கோப்பை மீன் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மோயாற்றில் கிடைத்த பெரிய மீன்களின் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று 2018இல் நிறுவினார்கள். உலகப் புகழ் பெற்ற மீனுக்கு, தாமஸின் புத்தகத்திலிருந்து எண்ணினால் 145 வருஷம் கழித்து, சொந்தப் பெயர் கிடைத்தது. அதே ஆண்டு அழிவின் விளிம்பில் உள்ள உயிர் என்று சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் வந்த பிறகுதான் சாகக் கிடப்பதைச் சொல்லவே முடிந்தது.

விகுதி பார்ப்பது தமிழ் படித்தவனின் தொழில். இந்தப் பெயர் கே. ரமாதேவி என்ற மீனியல் அறிஞரைச் சிறப்பிக்க வைத்தது. லத்தீனில் பெண்ணுக்கு 'அஈ' விகுதி வரவேண்டும், வந்திருப்பதோ ஆண்பால் விகுதி. சின்ன விஷயம்தான். ஆனால் மீனைத் தன் உருவத்தில் பார்க்காமல் இன்னொன்றாகப் பார்த்த வரலாற்றின் கடைசிப் பக்கத்திலும் ஒரு பால்மயக்கம் கிடப்பதைக் கவனிக்காமல் போக முடியவில்லை.

இப்போது இந்த மீன் பிழைத்துப் பெருக நம்பிக்கை தருகிற இடங்களில் முக்கியமானது மோயாறு. மேலே மின் திட்டம், கீழே பவானிசாகர், நடுவில் காடு. அங்கே செய்ய வேண்டியது புதிதாகக் குஞ்சு கொண்டுவந்து கொட்டுவதல்ல, ஆற்றில் ஓட்டம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. கூடவே அந்தக் கரையில் வாழ்கிறவர்களிடம் எந்த மீன் எது என்று கேட்பது. பிளி மீனு என்றும் பொம்மீன் என்றும் சொன்னவர்கள் எத்தனை வகையைப் பிரித்தறிந்திருந்தார்கள் என்று முன்பே உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால், லோனாவ்லாக் குஞ்சு இந்த ஆற்றில் விழுந்திருக்குமா? அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. குஞ்சு வாளியைக் கவிழ்க்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, இன்னும் யாரும் கேட்டு முடிக்கவில்லை.