பேண்டரோல் முதல் க்யூ.ஆர். கோடு வரை – சிவகாசி சொல்லும் கதை

தகவல் பாதுகாப்பு, குறியாக்கம் என்றதும் பெங்களூரும் அமெரிக்காவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் "இது அசலா, போலியா?" என்ற கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிய ஊர் ஒன்று விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் சிவகாசி.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-ல் ஊரில் தொடங்கினார்கள். தொழில் வளர்ந்தது, அரசின் கண்ணும் அதன் மேல் விழுந்தது. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் வந்தது. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பட்டறைகளில் வரியை எப்படி வசூலிப்பது? அதற்கு வந்ததுதான் பேண்டரோல். அரசிடம் பணம் கட்டி வாங்கி, பெட்டியில் ஒட்ட வேண்டிய காகிதப் பட்டை. பட்டை இருந்தால் வரி கட்டிய சரக்கு, இல்லாவிட்டால் திருட்டுச் சரக்கு. அவ்வளவுதான்!

இந்த முறையின் பலம் ஒன்றே ஒன்று: பட்டையை அச்சடிக்கும் உரிமை அரசிடம் மட்டும் இருந்தது. பலவீனமும் அதுவேதான். நல்ல அச்சகம் வைத்திருப்பவன் அதைப் போலவே அடிக்க முடிந்தால் எல்லாம் போச்சு. காகிதத்தின் பாதுகாப்பு என்பது நகலெடுக்க ஆகும் சிரமம் மட்டுமே.

1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு ஒரு வழியைக் காட்டினார்கள். ஒரு சாவியை ரகசியமாக வைத்துக்கொள், அதன் ஜோடிச் சாவியை ஊருக்கே கொடுத்துவிடு. ரகசியச் சாவியால் கையெழுத்திட்டதை, பொதுச் சாவியால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், ஆனால் போலி செய்ய முடியாது. இந்தியாவில் இத்தகைய டிஜிட்டல் கையெழுத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகாரம் தந்தது.

இன்று சிவகாசி முதலாளியின் பில்லிலும் அது இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வணிகர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், நிதியாண்டு, ஆவண வகை ஆகியவற்றை எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கில் போட்டு 64 எழுத்துள்ள ஐ.ஆர்.என். உருவாகிறது. அதே பில் எண்ணை அதே ஆண்டில் மறுபடி கொடுத்தால் அதே ஐ.ஆர்.என். தான் வரும், போர்ட்டல் ஏற்காது. தொகை, தேதி, வாங்குபவர் எண் எல்லாம் டிஜிட்டல் கையெழுத்தோடு க்யூ.ஆர். கோடில் அடங்கிவிடுகிறது. ஒரு ரூபாயை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது.

அப்படியானால் எல்லா க்யூ.ஆர். கோடும் பாதுகாப்பானதா? இல்லை! 2019-ல் பசுமைப் பட்டாசுகள் வந்தபோது போலியைத் தடுக்க பெட்டியில் க்யூ.ஆர். கோடு சேர்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே போலிக் கோடு ஒட்டிய பெட்டிகள் பற்றிப் புகார்கள் கிளம்பின. கோடு என்பது வெறும் படம். அசல் பெட்டியில் இருப்பதைப் படமெடுத்து ஆயிரம் பெட்டியில் ஒட்டலாம். முறையாகத் தயாரிக்கும் ஆலைக்கும், நம்பி வாங்கும் குடும்பத்துக்கும்தான் நஷ்டம். 2025 அக்டோபரில் டெல்லியில் பசுமைப் பட்டாசை அனுமதித்த உச்ச நீதிமன்றம், கோடுள்ள பட்டாசுகள்தான் விற்கப்படுகின்றனவா என்று பார்க்க ரோந்துக் குழுக்களை அமைக்கச் சொன்னது. கணிதம் இருந்தும் கடைசியில் ஆள்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பழைய பேண்டரோலுக்கும் புதிய கையெழுத்துக்கும் உள்ள வித்தியாசம். பேண்டரோல் சரக்கின் மேல் இருந்தது, திறந்தால் கிழிந்தது. டிஜிட்டல் கையெழுத்து பில்லின் மேல் இருக்கிறது. பில்லை யாரும் திருத்தவில்லை என்று அது சாட்சி சொல்லும். பில்லில் உள்ள சரக்கு உண்மையிலேயே லாரியில் ஏறியதா என்று சொல்லாது. சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு வரிச் சலுகை எடுப்பவர்களை எந்தக் குறியாக்கமும் தனியாகப் பிடித்துவிட முடியாது.

பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், எந்தக் கதவில் போட்டிருக்கிறோம் என்பதுதான் முக்கியம்!