வேலையில்லாமல் செத்த நாணயச்சாலை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்சன் சிட்டி நாணயச்சாலை 1893இல் காசு அடிப்பதை நிறுத்தியது. 1885இல் ஒருமுறை நின்று, 1889இல் பிழைத்து எழுந்த சாலை அது. இரண்டாம் முறை எழவில்லை.

1859இல் பக்கத்து மலையில் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் அகப்பட்டதால் பிறந்தது. வெள்ளியை மலை தாண்டி சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்ப வண்டிக்கூலி அதிகம், வழிப்பறி பயம் வேறு. இங்கேயே அடித்தால் என்ன என்றார்கள். ஊரை உருவாக்கியவர்களில் முதல்வரான ஆப்ரகாம் கரியே முதல் கண்காணிப்பாளர். சிறைச்சாலைக் குவாரியின் மணற்கல்லில் கட்டடம் எழுந்தது. 1870 பிப்ரவரியில் முதல் வெள்ளி டாலர் வெளிவந்தது. கழுகின் காலடியில் பொடியாக இரண்டு எழுத்து: 'சிசி'.

ஆனால் சுரங்கக்காரர்கள் பலர் சான்பிரான்சிஸ்கோவையே நாடினார்கள். பிறகு மலையிலும் வெள்ளி வற்றியது. நாணயச்சாலைக்கு வயிறு நிறைய வேலை கிடைத்ததே இல்லை. இன்று சேகரிப்பாளர்கள் காசைக் கொட்டுவது அந்தப் பட்டினிக்குத்தான் என்பேன். 1870இல் அடித்த இருபது டாலர் தங்கக்காசு மொத்தமே 3,789. 1876இன் இருபது சென்ட் காசுகள் 10,000 அடிக்கப்பட்டும், பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. சுமார் இருபதுதான் மிச்சம். 1873இல் ஆண்டெண்ணின் இருபுறமும் அம்புக்குறி இல்லாமல் அடித்த பத்து சென்ட் ஒன்றே ஒன்றுதான் அறியப்படுகிறது.

வெள்ளி டாலர்களுக்கு வேறு கதி. ஆயிரம் ஆயிரமாகச் சாக்கில் கட்டி அரசுக் கருவூலத்தில் போட்டுவைத்தார்கள். வெள்ளிச் சான்றிதழ் நோட்டை நீட்டினால் டாலருக்கு டாலர் கிடைத்த காலம் 1964 மார்ச்சில் முடிந்தது. அப்போது எஞ்சிய சுமார் 30 லட்சத்தில் பெரும்பகுதி 'சிசி'. 1972 முதல் அரசே அவற்றைப் பிளாஸ்டிக் பெட்டியிலிட்டுத் தபாலில் விற்றது. யார் கையிலும் புழங்காத அந்தக் காசுகளிலும் சுதந்திர தேவியின் கன்னமெல்லாம் கீறல். சாக்குக்குள் ஒன்றோடொன்று உரசிய தழும்பு அது. தேய்மானம் என்று நினைத்து விலை குறைப்பவர்கள் ஏமாளிகள்.

கட்டடம் 1941 முதல் மாநில அருங்காட்சியகம். முதலாம் எண் அச்சு இயந்திரம் இப்போது அங்கே இருக்கிறது, பார்வையாளர்களுக்காக நினைவுப் பதக்கம் அடிக்கிறது. பித்தலாட்டக்காரர்களும் சும்மா இல்லை. 1889 பிலடெல்பியா டாலர் சல்லிசு, அதே ஆண்டின் கார்சன் டாலர் அரிது. முன்னதில் 'சிசி'யை ஒட்டிவிடுகிறார்கள். வாங்குகிறவர் லென்ஸை முதலில் வைக்கவேண்டியது அந்த இரண்டு எழுத்தின் ஓரத்தில்.