நெருக்கடிக் காலத்தில் நம்மவர் படித்தவை

விலைவாசி ஏறி, வேலை ஆட்டங்கண்டு, நாளை என்ன ஆகுமோ என்று அஞ்சும் காலத்தில், “இப்போது புத்தகம் ஒன்றுதான் குறைச்சலா?” என்று கேட்கத் தோன்றும். நம் தோட்டப்புற மக்களின் வரலாற்றைப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். நெருக்கடி வந்தபோதெல்லாம் நம்மவர் எதைப் படித்தார்கள், எதைப் படிக்காமல் விட்டார்கள் என்பது அவர்கள் வாழ்வையே மாற்றியிருக்கிறது. அதைப்பற்றி இன்று சற்றே சிந்திப்போம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் அது பெயரளவுக்கே பள்ளி. கங்காணியோ கிராணியோ ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். ஆயினும், ஒரு லயத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். வேலை முடிந்த மாலையில் அவர் படிப்பார். மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். நல்லதங்காள் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்ட அதே கூட்டம், பத்திரிகைச் செய்தியையும் காது கொடுத்துக் கேட்டது.

கோலாலம்பூரில் 1924-ஆம் ஆண்டு ‘தமிழ் நேசன்’ தோன்றியது. 1930-ஆம் ஆண்டுக்குப்பின் ரப்பர் விலை படுவீழ்ச்சி அடைந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்தத் துன்பத்தின் ஈரம் காயாத 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ ஏட்டைத் தொடங்கினார். உலகச் செய்தியோடு சாதி ஒழிப்பும், மதுவிலக்கும், கல்வியும் அதன் பக்கங்களில் பேசப்பட்டன. கதை மட்டுமே கேட்டுவந்த லயங்களுக்குக் கருத்துகளும் வந்து சேர்ந்தன.

அதன் விளைவை 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் காண்கிறோம். அவ்வாண்டு அங்கே தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தத்தில் இறங்கினர். முன்னின்றவர்களுள் ஒருவர் ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். அதோடு நின்றார்களா? இல்லை. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை வேண்டும் என்றார்கள். துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். சம்பளக் கோரிக்கை பசியிலிருந்து பிறந்தது. சைக்கிள் கோரிக்கையோ ‘நானும் மனிதன்’ என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது. அவ்வெண்ணம் வளர்ந்ததில் செய்தித்தாளுக்கும், அதைச் சுற்றி நடந்த பேச்சுக்கும் பங்குண்டு. படையைக் கொண்டு போராட்டம் ஒடுக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். 1945 வரை ஏடுகளும் வானொலியும் ஆட்சியாளர் சொன்னதையே சொல்லின. மாற்றுக் குரல் கேட்க வழியில்லை. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் சேர்த்தபோது, குறுகிய கால வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் போனவர்களும் உண்டு. வலுவில் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பல்லாயிரம் தமிழர் மாண்டனர். அன்றைய ஏடு சொல்லாத அக்கதையை, ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் ஒரு நாவல் சொன்னது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வெளிவந்தது. மாண்டவர்களின் தொகையை வரலாற்று நூலில் பார்க்கலாம். காட்டில் காய்ச்சலோடு கிடந்தவனின் மனத்தை நாவலில்தான் காண முடியும். இரண்டையும் படித்தவருக்கே முழுச் செய்தி கிடைக்கும்.

1948-இல் அவசர காலம் பிரகடனமாயிற்று. 1960 வரை நீடித்த அக்காலத்தில் ஊரடங்கு, சோதனை, கம்பிவேலி என்று தோட்டத்து வாழ்க்கை இறுகிப்போயிற்று. அந்தச் சூழலிலும் 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ வழியாகக் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகை வழியே பாடம். வாசகர்கள் கதை எழுதி அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டு ஊர்களையே களமாக வைத்துக் கதை படித்துவந்தவர்கள், தங்கள் பால்மரக் காட்டையும் கதையாக்கலாம் என்று கற்றார்கள். இந்நாட்டு எழுத்தாளர் பலருக்கு இவ்வகுப்பே தொடக்கப் பள்ளி.

பின்னர் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து அதே ஏட்டில் ஆசிரியப் பணியாற்றினார். அவரே பலதுறை வாசிப்புக்கு நல்ல சான்று. கம்பனில் தோய்ந்தவர்; அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர்; ருசிய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியைத் தமிழாக்கியவர்; சிறுகதையில் தமக்கென ஓர் இடம் பெற்றவர். பழமையைப் படித்தால் புதுமை கெடும் என்றோ, அயல்நாட்டு எழுத்தைப் படித்தால் தமிழ் கெடும் என்றோ அவர் அஞ்சவில்லை. 

நேயர்களே, படிக்காமல் விட்டதன் விலையையும் நாம் சொல்லியாக வேண்டும். 1957-இல் நாடு விடுதலை பெற்றது. இங்கே குடியேறி வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டங்களில் பலர் விண்ணப்பிக்கவில்லை. கதைப் புத்தகத்தை ஆர்வத்தோடு கேட்ட காதுகளுக்கு அரசாங்க அறிவிப்பு எட்டவில்லை. பழி முழுவதையும் அவர்கள் மேல் போடுவது நியாயமன்று. பாரம் அவர்கள் அறியாத மொழியில் இருந்தது. அலுவலகம் தொலைவில் இருந்தது. பிறப்புச் சான்றிதழோ பலரிடம் இல்லை. ஆனால் காலம் காத்திருக்கவில்லை. 1969-ஆம் ஆண்டுக்குப்பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் பெற வேண்டும் என்ற விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கணக்காகப் பால் வெட்டிய கைகள் வேலை இழந்தன. ஆயிரக்கணக்கானோர், தங்கள் பிள்ளைகள் கண்டறியாத இந்தியாவுக்குக் கப்பலேறினர். சிவப்பு அடையாளக் கார்டோடு இங்கேயே முதுமை எய்தியவர்களும் உண்டு.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? ஒரே வகை எழுத்தைப் படிப்பவர், ஒரே சன்னல் உள்ள வீட்டில் இருப்பவர் போன்றவர். கதை நமக்குப் பிறர் துயரைக் காட்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்பதைக் காட்டாது. சட்டமும் கணக்கும் உரிமையைச் சொல்லும். சோர்ந்த மனத்தைத் தேற்றமாட்டா. அதற்குத் திருக்குறளும் பாட்டும் வேண்டும். செய்தித்தாள் இன்று நடந்ததைச் சொல்லும். அது ஏன் நடந்தது என்பதை அறிய வரலாறு வேண்டும்.

‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோயிற்று. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம்மவர் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இன்று கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வருகிறது. அதையும் இரண்டாவது ஓரிடத்தில் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும். தமிழ் ஏட்டோடு மலாய் ஏட்டையும் புரட்டுங்கள். வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதத்தை அலமாரியில் செருகிவிடாமல், புரியாவிட்டால் புரிந்தவரிடம் கொடுத்துக் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் இரவு, பிள்ளை ஒரு கதையையும் ஒரு செய்தியையும் வாய்விட்டுப் படிக்கட்டும், பெற்றோர் கேட்கட்டும். பாட்டி தனக்குத் தெரிந்த கதையைச் சொல்லட்டும். அன்று லயத்து வாசலில் நடந்தது இதுதான். அதை நம் வீட்டுக் கூடத்திலும் நடத்த முடியும்.