தீயும் ஓய்வும்: குதிரைக் கால் தசைநாண் சிகிச்சையின் வரலாறு

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே இயங்கு தசை இல்லை. தோலுக்கு அடியில் எலும்பும் அதன் பின்புறமாக வடம்போல் இறங்கும் நாண்களுமே முதன்மையாக உள்ளன. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண், எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார் என்னும் பாகுபாடு இக்கட்டுரை முழுவதும் பின்பற்றப்படுகிறது. தோலை அடுத்திருக்கும் மேல்நிலை மடக்கு நாண், அதற்கு உட்புறமான ஆழ்நிலை மடக்கு நாண், எலும்பை ஒட்டி இறங்கிக் கணு மூட்டைத் தொட்டில்போல் ஏந்தும் தாங்கு தசைநார் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கின் பாய்ச்சலைத் தாங்குகின்றன. தாங்கு தசைநார் முற்காலத்தில் தசையாக இருந்து பரிணாமப் போக்கில் நாராக மாறியது. அதனுள் இன்றும் சிறிதளவு தசையிழைகள் எஞ்சியுள்ளன.

நாலுகால் பாய்ச்சலில் மேல்நிலை மடக்கு நாண் தன் நீளத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீள்கிறது. 20 விழுக்காட்டை நெருங்கினால் அறுந்துவிடக்கூடும். இத்தனை குறுகிய பாதுகாப்பு இடைவெளியில் இயங்கும் உறுப்புகள் விலங்குடலில் மிகச் சிலவே. நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறுவதால், ஓட்டத்தின்போது நாணின் மையப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதாக வில்சன், குட்ஷிப் ஆகிய ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்டனர். ஆகவே இந்நாணில் நேரும் காயம் பெரும்பாலும் ஒரு தடுக்கலில் திடீரென விளைவதன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்சிதைவுகள் பல ஓட்டங்களில் சேர்ந்து, ஒரு நாள் வீக்கமாகவும் நொண்டலாகவும் வெளிப்படுகின்றன.

பண்டையோர் இக்காயத்தை அறிந்திருந்தனர். ஆனால் அதற்குத் தனிப்பெயர் வைக்க அவர்களது மொழி இடந்தரவில்லை. கிரேக்கத்தின் நியூரோன், இலத்தீனின் நெர்வுஸ் ஆகிய சொற்கள் நரம்பையும் நாணையும் ஒருசேரக் குறித்தன. தமிழிலும் 'நரம்பு' என்னும் சொல் பேச்சுவழக்கில் இரத்தக்குழாய், நரம்பு, நாண் மூன்றுக்கும் பொதுவாக வழங்குவதை இங்கு நினைவுகூரலாம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய செனோபோன், குதிரை வாங்குவோர் முதலில் ஆராய வேண்டியது குளம்பையும் காலையுமே என்று வற்புறுத்தியதில் வியப்பில்லை. கால் கெட்ட குதிரை போர்வீரனுக்குப் பயன்படாது.

வெஜீஷியஸ் பிற்கால உரோமப் பேரரசில் தொகுத்த கால்நடை மருத்துவ நூல், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடும் முறையை ஒரு தனிச் சிகிச்சையாகவே விவரிக்கிறது. இரண்டாம் பிரெடரிக் பேரரசரின் அவையைச் சேர்ந்த ஜொர்தானோ ருஃபோ 1250ஆம் ஆண்டையொட்டி எழுதிய குதிரை மருத்துவ நூலிலும், பதினான்காம் நூற்றாண்டில் எகிப்திய சுல்தான் அந்நாசிருக்காக அபூ பக்ர் இப்னு பத்ர் எழுதிய அரபு நூலிலும் அம்முறை இடம்பெறுகிறது. இந்தியாவில் மனித மருத்துவத்துக்கென எழுந்த சுசுருத சங்கிதையும் தசை, நார், மூட்டு ஆகியவற்றின் கடும் நோவுக்கு அக்னிகர்மம் எனும் சூட்டு சிகிச்சையைக் கூறுகிறது. நொண்டும் மாட்டுக்குச் சூடு போடும் தமிழகக் கிராம வழக்கமும் சூடு நோவை ஆற்றும் என்னும் இந்த நம்பிக்கையின் கிளையே. ஒன்றிடமிருந்து ஒன்று கடன் பெற்றதா, தனித்தனியே தோன்றியதா என்பதைவிட, இத்தனை நாடுகளிலும் இம்முறை நிலைத்ததற்கான காரணமே ஆராயத்தக்கது.

ஐரோப்பியக் குதிரை மருத்துவர்கள் காலின் பின்புறத்தில் இணைகோடுகளாகச் சூடிடுவதையும், கூர்முனை இரும்பால் புள்ளி புள்ளியாகச் சுடுவதையும் இருவேறு நுட்பங்களாக வளர்த்தனர். அதன்மேல் 'ஸ்பானிய ஈ' எனப்பட்ட வண்டின் பொடியையோ பாதரசச் சேர்மத்தையோ பூசிக் கொப்புளம் எழச் செய்வதும் உண்டு. ஆறாது கிடக்கும் பழைய புண்ணைப் புதிய அழற்சி ஒன்று தூண்டி ஆற்றும் என்பதும், சுட்ட தோல் இறுகி நிலையான கட்டுப்போல் நாணைத் தாங்கும் என்பதும் இதற்குக் கூறப்பட்ட விளக்கங்கள். சூடு பட்ட குதிரையை உடனே ஓட்ட இயலாது. அது மாதக்கணக்கில் லாயத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் விடப்பட்டது. அந்த ஓய்வில் நாண் தானாக ஆறியது. புகழ் முழுவதும் தீக்குச் சென்றது. ஓய்வை மட்டும் பரிந்துரைத்த மருத்துவரைப் பந்தயக் குதிரையின் உரிமையாளர் பொறுத்துக்கொள்வது அரிது என்பதால், காலில் தெரியும் தழும்பே மருத்துவம் நடந்ததற்குச் சான்றாகவும் ஓய்வுக்கு உத்தரவாதமாகவும் அமைந்தது. இந்தச் சமூகப் பயனே சூட்டின் நீண்ட ஆயுளுக்கு முதன்மைக் காரணம் எனக் கொள்ளலாம்.

1598இல் பொலோனாவில் வெளியான கார்லோ ருயினியின் குதிரை உடற்கூற்று நூலும், 1762இல் லியோனில் தொடங்கிய முதல் கால்நடை மருத்துவப் பள்ளியும் நாண்களின் அமைப்பைத் தெளிவாக்கின. ஆயினும் அறிவு வளர்ந்ததால் மட்டும் சிகிச்சை மாறிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் சூட்டுக்கோல் கைவிடப்படவில்லை.

அதனை முறைப்படி சோதித்த பெருமை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயன் சில்வர் தலைமையில் இயங்கிய குழுவுக்கு உரியது. 1983இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, சூடு நாணின் ஆறுதலை விரைவுபடுத்தவில்லை என்றும், சுட்ட தோல் நாணுக்குத் துணைக்கட்டாக அமைவதில்லை என்றும் காட்டியது. பிரிட்டனின் அரச கால்நடை அறுவை மருத்துவர் கழகமும் பின்னர் சூடிடுதலுக்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்தது. பல நூற்றாண்டுகளாகக் குதிரைகள் பொறுத்த வேதனை பெரும்பாலும் வீணானது என்பதே இதன் பொருள். இதை வேறு மென்மையான சொற்களில் கூற இயலாது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் நார்மன் ரன்டனன் முதலியோர் மீயொலிப் படமெடுப்பைக் குதிரைக் கால்களில் பயன்படுத்தத் தொடங்கினர். வெளிவீக்கம் வடிந்த பின்னும் நாணின் உள்ளே கரும்புள்ளியாகச் சிதைவு நீடிப்பதை அப்படங்கள் காட்டியதால், நொண்டல் நின்றதே குணம் என்னும் பழைய கணிப்பு தகர்ந்தது. இயல்பான நாண் பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜன் எனும் புரத இழைகளாலானது. காயம் ஆறும்போது நலிந்த மூன்றாம் வகை கொலாஜனே முதலில் மிகுதியாக உருவாகி, இழைகளும் ஒழுங்கின்றி அமைகின்றன. இவ்விழைகள் வலுப்பெற்று நாணின் நீளவாக்கில் ஒழுங்குபட, படிப்படியாகக் கூட்டப்படும் நடைப்பயிற்சி தேவைப்படுகிறது. அவ்வாறு அமைந்த தழும்பும் மூல நாணின் மீள்தன்மையை அடைவதில்லை. மறுகாயம் நேர்வதற்கு அடிப்படை இதுவே.

இத்தழும்பைத் தவிர்க்கும் முயற்சியாகக் குருத்தணுச் சிகிச்சை எழுந்தது. பல்வகைத் திசுவாக வளரவல்ல குருத்தணுக்களைக் குதிரையின் சொந்த எலும்பு மச்சையிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, நாணின் சிதைந்த பகுதியில் ஊசிவழிச் செலுத்தும் முறையை ரோஜர் ஸ்மித் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். 1983 அறிக்கையில் பங்கேற்ற ஆலன் குட்ஷிப் இதிலும் இடம்பெற்றார் என்பது இவ்வரலாற்றின் தொடர்ச்சியைக் காட்டுகிறது. ஸ்மித் குழுவினர் 2012இல், தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 113 பந்தயக் குதிரைகளில் 27 விழுக்காட்டில் மட்டுமே மறுகாயம் நேர்ந்ததாக அறிவித்தனர். பிற சிகிச்சைகளுக்கு முன்னர் வெளியான விகிதங்களைவிட இது குறைவு. ஆனால் சிகிச்சை பெறாத குதிரைகளை அதே ஆய்வில் உடன்வைத்து ஒப்பிடாமல், முன்னைய வெளியீடுகளோடு ஒப்பிட்டே இம்முடிவு பெறப்பட்டது. குருத்தணு செலுத்தப்பட்ட குதிரைகளுக்கும் நீண்ட ஓய்வும் கட்டுப்படுத்தப்பட்ட பயிற்சியும் தரப்பட்டன என்பதால், சூட்டுக்கோலிடம் கேட்கத் தவறிய கேள்வியை ஊசியிடமும் கேட்பது ஆய்வாளரின் கடமை: ஆற்றியது மருந்தா, காலமா? மேல்நிலை மடக்கு நாண் கடுமையாகக் காயமுற்ற பந்தயக் குதிரை, எந்தச் சிகிச்சை பெற்றாலும், முழு வேக ஓட்டத்துக்குத் திரும்ப இன்றும் ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது.